மாயர் நீலமும் நிலாவெளிப் பூனைகளும்

சனிக்கிழமை, காலை 5.40

வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குத் தொண்ணூற்றாறு கிலோமீற்றர். பஸ் கட்டணம் 430 ரூபாய். யன்னலோரம் இடம் கிடைத்தது, யன்னல்தான் திறக்கவில்லை.

என்னைப் பற்றி முதலே சொல்லிவிடுகிறேன். வவுனியாவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊராரின் பார்வையைத் திருத்துவது தொழில். கடலை நீர்வர்ணத்தில் கெடுப்பது பொழுதுபோக்கு. கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல் வரைகிறவன் எப்படி வரைவான் என்று நீங்கள் நினைக்கிறீர்களோ, அப்படியேதான் வரைகிறேன். ஒருமுறை என் கடைக்கு வந்த கிராம அலுவலர், எங்கள் விதானையார், சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்து, "வயல் நல்லா விளைஞ்சிருக்கு" என்றார். அது நிலாவெளிக் கடல். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்த பிறகும் அவர் கருத்தை மாற்றவில்லை.

குறை என் கையில் இல்லை, வர்ணத்தில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்பினேன். அதனால் போன வருடம் கொழும்பிலிருந்து ஒரு வெளிநாட்டுக் குழாய் தருவித்தேன். சின்னவிரல் அளவு குழாய், விலை 7,400 ரூபாய், பெயர் மாயா நீலம். "இந்தக் காசுக்கு வீட்டுக்கு முன்பக்கம் முழுக்க வெள்ளை அடிச்சிருக்கலாம்" என்றாள் மனைவி. அவளுக்குக் கலை புரியாது என்று நினைத்தேன். ஆனால் அந்த நீலத்தில் நான் வரைந்த கடல் பிளாஸ்ரிக் வாளிபோல வந்தபோது, வெள்ளை அடித்திருக்கலாம்தான் என்று எனக்கும் பட்டது.

அந்த நீலத்தின் கதை மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. மத்திய அமெரிக்காவில் மாயர் என்றொரு மக்கள். அவர்களுடைய முன்னோர் அவுரிச் செடியின் நீலத்தை ஒருவகை வெள்ளைக் களிமண்ணோடு சேர்த்துச் சூடாக்கி இந்த நிறத்தைச் செய்தார்களாம். அவர்கள் சுவரில் தீட்டியது நூற்றாண்டுகள் தாண்டியும் நீலமாகவே நிற்கிறது. வெயிலுக்கும் வெளுக்காது, அமிலத்துக்கும் அசையாது. அந்தப் பழைய முறையைப் பார்த்துத்தான் இப்போது ஓவியர்களுக்கான வர்ணம் செய்கிறார்கள்.

கைபேசியில் நாங்கள் சில அரைகுறை ஓவியர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். அதில் திருகோணமலையிலிருந்து றெஜினா என்ற இரசாயன ஆசிரியை ஒருநாள் எழுதியிருந்தார்: "மாயர் நீலம் இஞ்சையும் செய்யலாம். நான் பாண் சுடுற போறணையிலை செய்யிறன்." நான் மூன்று கேள்வி கேட்டேன். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: "வந்து பாருங்கோ." அது மரியாதைக்குச் சொல்லப்பட்டது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வெளிக்கிட்டேன்.

ஹொரவப்பொத்தானை தாண்டியதும் பக்கத்தில் இருந்தவர் கதை தொடங்கினார்.

"எங்கை, கோணேசர் கோயிலுக்கோ?"

"இல்லை அண்ணை, ஒரு பெயின்ற் பாக்கப் போறன்."

"ஏன், வவுனியாவிலை பெயின்ற் கடை எல்லாம் பூட்டிட்டாங்களோ?"

பன்குளம் வரைக்கும் மாயரைப் பற்றி விளக்கினேன். கன்னியா வரும்போது அவர் நித்திரையாகியிருந்தார்.

காலை 8.50

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியவுடன் ஒரு பிழை விட்டேன். போறணைக்குப் போகும் வழியைக் குழுவில் ஒருவரிடம் கேட்டுத் தாளில் கீறி வைத்திருந்தேன். அந்தத் தாளையும் தின்ன வைத்திருந்த பணிஸ் பையையும் மர வாங்கில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தேன். திரும்பிப் பார்த்தால் புள்ளிமான் ஒன்று நிற்கிறது. பணிஸைத் தொடவில்லை. தாளைத் தின்றுகொண்டிருந்தது. இந்த நகரத்து மான்களுக்குக் காகிதத்தில் ஒரு தனி ருசி. நான் "சூ" என்றேன். மான் என்னைப் பார்த்தபடியே வழியின் கடைசி முடக்கையும் மென்று விழுங்கியது.

றெஜினா ரீச்சருக்கு அழைத்தேன்.

"வழியை மான் திண்டிட்டுது, ரீச்சர்."

"ஓ, வவுனியாக்காரரோ? உண்மையாவே வந்திட்டீங்களோ!" என்றார். குரலில் அதிர்ச்சி தெரிந்தது. "ஓட்டோக்காரரிட்டை நௌபர் பேக்கரி எண்டு சொல்லுங்கோ. இருநூற்றைம்பதுக்கு மேலை குடுக்காதேங்கோ."

முந்நூறு கொடுத்தேன்.

காலை 9.20

நௌபர் கிண்ணியாக்காரர். நகரத்தில் பதினைந்து வருடமாக விறகுப் போறணை வைத்திருக்கிறார். கை இரண்டும் மாவில் வெள்ளை, முழங்கைக்கு மேலே மட்டும் மனித நிறம். றெஜினா ரீச்சருக்கு நாற்பத்தெட்டு வயதிருக்கும். மெலிந்த ஆள், கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. முதலில் அதைத்தான் சரிசெய்து கொடுத்தேன். தொழில் புத்தி.

விடியப்புறம் பாண் சுட்டு முடிந்தபின் போறணையின் சூடு மெல்ல இறங்கும். அந்த இறங்கும் சூடுதான் ரீச்சருக்கு வேண்டியது. நெருப்பு மிஞ்சினால் அவுரி கருகும். குறைந்தால் மண்ணோடு சேராது. மூடி போட்ட தட்டங்களில் சாம்பல் நீலப் பொடி இருந்தது. நௌபர் நீளத் தட்டகப்பையால் அவற்றை உள்ளே தள்ளினார்.

"முதல் முறை மூடி இல்லாமல் வைச்சது, சேர்," என்றார் நௌபர். "அடுத்த நாள் பாண் எல்லாம் அடிப்பக்கம் நீலம். ஒரு ஆள் கொண்டுவந்து காட்டி, 'இது என்ன, நௌபர் காக்கா?' எண்டார். 'ஸ்பெஷல்' எண்டு செல்லிட்டன். நாளைக்கும் ரெண்டு தாங்க எண்டு போயிட்டார்."

நான் தட்டத்துக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இது எப்படி நடக்கிறது என்று கேட்டேன். ரீச்சர் சொன்னார்:

"அவுரி வாடகைக்கு வந்த ஆள் மாதிரி. சாதாரண களிமண்ணெண்டால் முத்தத்திலை பாயைப் போட்டுப் படுக்கும். மழை பெய்ய எழும்பி ஓடிரும். இந்த மண்ணுக்குள்ளை கண்ணுக்குத் தெரியாத அறையள் வரிசை வரிசையாக் கிடக்கு. சூடு காட்டினால் உள்ளை போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திடும். பிறகு ஆராலும் எழுப்ப ஏலாது."

"மாயர் இதை எதுக்கு எல்லாம் பூசினவை?"

"சுவருக்கு, சட்டிக்கு. மழைக் கடவுளுக்குப் பலி குடுக்கிற ஆக்களுக்கும் பூசினவை எண்டு சொல்லீனம்."

நௌபர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். வியர்வை துடைத்தபோது நெற்றி முழுக்க நீலம் ஏறியிருந்தது. "சேர் ரெடி," என்றார்.

பிறகுதான் எனக்கு உண்மை விளங்கியது. ரீச்சர் விளையாட்டுக்கு இந்த வேலையைச் செய்யவில்லை. உட்துறைமுகக் கரையில் அவர் குடியிருக்கும் ஒழுங்கைச் சந்துக்குள் ஒரு மாதா கெபி இருக்கிறது. கல்லால் குகைபோலக் கட்டி, உள்ளே ஆளுயரச் சீமெந்துச் சுரூபம். உப்புக்காற்று மாதாவின் போர்வை நீலத்தை வருடா வருடம் தின்றுவிடும். கடைப் பெயின்ற் அடித்தால் மீன் செதில்போலப் பொருக்கு விட்டு விழும். இரண்டு வருடத்துக்கு முன் ரீச்சர், "நான் ஒரு நீலம் செய்து தாறன்" என்று பொறுப்பெடுத்தார். அவுரியும் சட்டி செய்யும் களிமண்ணும் சேர்த்துப் பூசினார். நல்ல நீலம். கார்த்திகை மழை வந்தது. மாதாவின் பாதம் இரண்டும் நீலமாயிற்று.

"ரெண்டு நாள் புதுமை, அற்புதம் எண்டு சனம் மெழுகுதிரி கொளுத்தினது," என்றார் ரீச்சர். "மூண்டாம் நாள் மழை விட, வெள்ளை அங்கி முழுக்க நீலக் கோடு. இருபத்திரண்டு வருசம் இரசாயனம் படிப்பிச்சனான். இப்ப ஒழுங்கையிலை எனக்குப் பேர் என்ன தெரியுமோ? நீலக்கால் ரீச்சர்."

அவர் சிரித்துத்தான் சொன்னார். ஆனால் தட்டங்களின் மூடியை எண்ணவேண்டிய தேவையே இல்லாமல் மறுபடியும் எண்ணினார்.

அடுத்த ஞாயிறு கெபியில் திருநாள். இந்த முறை ரீச்சரின் நீலமா, கடைப் பெயின்றா என்று தீர்மானிப்பது கெபிக்குப் பொறுப்பான மூப்பர், செபமாலை அண்ணன். அவர் வள்ளக்காரர், பேச்சை நம்பமாட்டார். அதனால் போன ஐப்பசியில், மழைக்கு முன்பு, இரண்டு சீமெந்துத் தகடுகளில் ஒன்றில் கடை நீலமும் மற்றதில் ரீச்சரின் புது நீலமும் பூசி, தன் வள்ளத்தின் அறைச் சுவரில் கட்டிவிட்டார். ஏழு மாதம் கடலுக்குப் போய்வந்த தகடுகள் இன்று பின்னேரம் நாலு மணிக்குக் கழற்றப்படும். எதில் நீலம் நிற்கிறதோ அதுதான் மாதாவுக்கு.

நான் ஒரு குழாய்ப் பெயின்றின் கதை கேட்க வந்தவன். வந்த இடத்தில் தீர்ப்பு நாள்.

காலை 11.00

மண் முடிந்துவிட்டது, இன்னொரு மூடை எடுக்கவேண்டும் என்று நௌபரின் பாண் விற்கும் வான் வண்டியில் நிலாவெளிக்குப் போனோம். நகரத்திலிருந்து பதினைந்து கிலோமீற்றர். உப்புவெளி தாண்டிய பிறகு வலப்பக்கம் கடல் தோட்டங்களுக்கு நடுவே எட்டிப் பார்த்தபடி கூடவே வந்தது. ஒவ்வொரு முறை தெரிந்தபோதும் வேறு நிறம். இதை நான் எந்தத் துணிவில் வரைந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

இந்த மண் எங்கே கிடைக்கிறது என்று மூன்று தரம் கேட்டேன். இரண்டு பேரும் மூன்று தரமும் கடலைக் காட்டினார்கள். வான் ஒரு சின்ன விடுதிக்குள் திரும்பியது. நௌபர் அங்கே தினமும் பாண் கொடுக்கிறவர். விடுதியை நடத்துவது ஒரு பெல்ஜியத்து அம்மா. வாசலில் ஒரு பூனை. கதிரையில் இரண்டு. குசினி யன்னலில் நாலு. எண்ணி முடித்தபோது பதினொன்று.

களஞ்சிய அறையிலிருந்து நௌபர் மூடையைத் தோளில் தூக்கி வந்தார். மூடையில் பெரிய வர்ணப் படம். படத்தில் ஒரு வெள்ளைப் பூனை மிகவும் திருப்தியான முகத்தோடு நின்றது.

எனக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

"ரீச்சர்... இது பூனை கக்கூசுக்குப் போடுற மண்ணெல்லோ?"

"புது மூடை," என்றார் ரீச்சர் கண்டிப்பாக. "வாய் கட்டினபடி வந்தது. ஒரு பூனையும் தொடேல்லை."

மாயர் எடுத்த மண்ணின் இனம் இங்கே வேறெங்கும் கிடைக்கவில்லையாம். ஈரத்தை உறிஞ்சி உள்ளே பூட்டி வைக்கும் குணம்தான் மாயர் நீலத்துக்கும் தேவை, வெளிநாட்டுப் பூனைகளுக்கும் தேவை. எல்லாப் பூனை மண்ணும் இந்த இனம் இல்லை. இந்த மூடையில் மண்ணின் பெயர் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. நௌபர் ஒருநாள் பாண் கொடுக்க வந்து, பூனைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு நின்றபோது அதை வாசித்திருக்கிறார். அதற்கு முன் பல மாதமாக ரீச்சர் தேடிய பெயர்.

நான் வானில் ஏறியதிலிருந்து சிரித்தேன். இறக்கண்டிப் பக்கம் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்தது, அதிலிருந்தவர்கள்கூடப் பார்த்தார்கள்.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களோ?" என்றார் ரீச்சர். "இப்ப ஒரு சத்தியம் பண்ணுங்கோ. பின்னேரம் மூப்பற்றை முன்னாலை பூனையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. மாதாவின்ரை போர்வைக்குப் பூனை மண் எண்டு தெரிஞ்சால் சனம் என்னைக் கெபிப் பக்கமே விடாது."

"ஒரு சொல்லும் சொல்லமாட்டன்."

நௌபர் வானின் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தார். "சேர்ட வாய் பூட்டினாலும் முகம் பூட்டாது, ரீச்சர்."

பிற்பகல் 1.30

ரீச்சர் வீட்டில் சாப்பாடு. சூடை மீன் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்கீரை. சோறு மூன்று தரம் வாங்கினேன். அந்த வீட்டில் பூனை மண் வந்த வெறும் மூடைகளைக்கூட உட்பக்கம் வெளியே வரத் திருப்பித் தைத்து அலுமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். கள்ளக் கடத்தல் செய்கிறவர்கள்கூட இவ்வளவு கவனமாக இருக்கமாட்டார்கள்.

என் 7,400 ரூபாய்க் குழாயை எடுத்துக் காட்டினேன். ரீச்சர் ஒரு துளி பிதுக்கி, தன் நீலத்துக்குப் பக்கத்தில் தடவினார். இரண்டும் அக்கா தங்கைபோல இருந்தன. ரீச்சரின் நீலத்தில் பச்சை கொஞ்சம் தூக்கல். கொட்டியாரக் குடாவின் மேல் முகில் விலகும்போது வரும் நிறம்.

"நல்ல வர்ணம்," என்றார் என் குழாயைப் பார்த்து.

"அப்ப ஏன் என்ரை கடல் வாளி மாதிரி வருது?"

"நான் இரசாயனம் மட்டும்தான் படிப்பிக்கிறனான்."

பிற்பகல் 4.00

உட்துறைமுகத்தில் அந்த நேரம் தண்ணீர் அசையாது. எதிர்க்கரை மலைகள் தலைகீழாகக் கிடந்தன. கரையில் இழுத்து விட்டிருந்த வள்ளங்களுக்கு நடுவே செபமாலை அண்ணனின் வள்ளத்தைத் தேடத் தேவையில்லை. புதுப்பெண்போல மின்னியது. அடி சிவப்பு, மேல் மஞ்சள், விளிம்பில் பச்சைக் கோடு. திருநாளன்று சுவாமியார் வள்ளங்களை ஆசீர்வதிப்பார். அதற்கு முன் எல்லோரும் வள்ளத்துக்குப் பெயின்ற் அடித்துவிடுவது வழக்கம்.

ரீச்சர் நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

மூப்பர் சாரத்தை மடித்துக் கட்டியபடி வந்தார். அறுபது வயது, தோள் இரண்டும் கதவு அகலம். பின்னால் அவருடைய மனைவி பிலோமினா அக்காவும் ஒழுங்கைச் சனம் ஏழெட்டுப் பேரும்.

"வாங்கோ ரீச்சர். தகட்டைக் கழட்டுவமோ?"

"எந்தத் தகடு, அண்ணை?"

"என்ன கேள்வி, இந்தா..." மூப்பர் அறைச் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். கை அப்படியே நின்றது. சுவரும் மஞ்சள். தகடு இரண்டும் மஞ்சள். கட்டின கயிறும் மஞ்சள்.

காகம் ஒன்று மட்டும் கதைத்தது.

"ஆர் அடிச்சது?" என்று கேட்டார் மூப்பர்.

"நீங்கள்தான்," என்றார் பிலோமினா அக்கா. "போன கிழமை. நான் சோறு கொண்டு வரேக்கை பாத்தனான், ஆசையா அடிச்சுக் கொண்டு நிண்டீங்கள்."

"நான் ஒட்டுப்போட்ட பலகை எண்டெல்லோ நினைச்சன்..."

"எத்தினை கோட்?" என்றார் ரீச்சர். குரல் மெல்லிசாகிவிட்டது.

"ரெண்டு," என்றவர், உண்மையான மனிதர் ஆகையால், "கயிறுக்கு மூண்டு," என்று சேர்த்துக்கொண்டார்.

நான் சிரிக்கவில்லை. ரீச்சரின் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் சிரிப்பு வந்திருக்காது. ஏழு மாத மழையும் வெயிலும் உப்பும் ஒரு நல்ல மனிதரின் தூரிகைக்குக் கீழே போய்விட்டன. மூப்பர் தலையைச் சொறிந்தபடி, பிழை தன்னுடையதுதான், ஆனால் திருநாளுக்கு ஒரு கிழமைதான் இருக்கு, சாட்சி இல்லாமல் சனத்துக்குச் சொல்ல ஏலாது, இந்த வருசத்துக்குக் கடைப் பெயின்றையே அடிப்பம் என்றார். பின்னாலிருந்து யாரோ "பிறகும் கால் நீலமாகாமல் இருந்தால் சரி" என்று மெல்லச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

ரீச்சர் தகடு இரண்டையும் பார்த்தபடி நின்றார். பிறகு கேட்டார்: "அண்ணை, பெயின்ற் தின்னர் கிடக்கோ?"

"கிடக்கு. ஆனால் தின்னர் எல்லாத்தையும் கழட்டுமே, ரீச்சர்."

"கழட்டட்டும்."

தகடுகளைக் கழற்றி மணலில் வைத்தார்கள். எது யாருடையது என்று முன்பக்கத்தில் தெரியாது. பின்பக்கத்தில்தான் ஆணியால் கீறிய அடையாளம் இருந்தது. பின்பக்கம் பார்க்கவேண்டாம், முதலில் துடைப்பம் என்றார் ரீச்சர். மூப்பர் பழந்துணியைத் தின்னரில் நனைத்து முதல் தகட்டை உரஞ்சினார். மஞ்சள் இளகி வந்தது. அதற்குக் கீழே பொருக்கு விட்ட நீலமும் வந்தது. இன்னும் நாலு உரஞ்சல். சாம்பல் நிறச் சீமெந்து வெறுமையாகக் கிடந்தது.

ரீச்சர் புரட்டிப் பார்க்கக் கையை நீட்டவில்லை. நானே தகட்டைப் புரட்டினேன். ஆணிக் கீறல்: "கடை."

இரண்டாவது தகடு. மஞ்சள் இளகியது. துணி மஞ்சளானது. கீழே நீலம் தெரிந்தது. மூப்பர் இன்னும் தின்னர் ஊற்றினார். துணியைப் புரட்டி வெள்ளைப் பக்கத்தால் அழுத்தித் தேய்த்தார். வலைக்கயிறு இழுத்த கை அது. துணியில் மஞ்சள் மட்டும். நீலம் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பாலும் சுண்ணாம்பும் சேர்த்துக் குழைத்துப் பூசினதாம். ஏழு மாதத்தில் அது சீமெந்தோடு கல்லாகியிருந்தது. பிலோமினா அக்கா தேசிக்காய் பாதி கொண்டுவந்து பிழிந்தார். யாரோ துணி வெளுக்கும் குளோரின் கொண்டுவந்து ஊற்றினார். எங்கள் பக்கத்து அரசியல்வாதிகள் இதில் பாதி அடிக்கே நிறம் மாறியிருப்பார்கள்.

மூப்பர் தகட்டை எடுத்துக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்தார். பிறகு இன்னும் தள்ளி. கழுத்தைப் பின்னுக்கு வளைத்தார். கிட்ட இருப்பது தெரியாதவர்களின் அந்த வளைவை நான் தினமும் கடையில் பார்க்கிறேன். மஞ்சள் பெயின்ற் மர்மம் அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பையிலிருந்து வாசிப்புக் கண்ணாடி ஒன்றை எடுத்து, "இதைப் போட்டுப் பாருங்கோ, அண்ணை" என்றேன்.

போட்டார். தகட்டைக் கிட்டே கொண்டுவந்தார். "எட கடவுளே," என்றார் மெதுவாக. "இவ்வளவு நீலமோ."

பிறகு தன் வள்ளத்துக்குக் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். முகம் மாறிவிட்டது. "வள்ளத்தின்ரை பேரை இவ்வளவு கோணலா ஆர் எழுதினது?"

"நீங்கள்தான்," என்றார் பிலோமினா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார். அத்தோடு விசயம் முடிந்திருக்கவேண்டும். ஆனால் பிலோமினா அக்கா தகட்டைப் பக்தியோடு தடவிப் பார்த்து, "வெளிநாட்டு மண் எண்டெல்லோ கேள்விப்பட்டன். எருசலேம் மண்ணோ, ரீச்சர்?" என்று கேட்டார். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார்கள்.

நான் சத்தியத்தை மீறவில்லை. ஒரு சொல்லும் சொல்லவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அந்த மூடைப் பூனை திருப்தியான முகத்தோடு வந்து நின்றது, அவ்வளவுதான். மூக்கால் தொடங்கிய சிரிப்பு வாயால் வெடித்தது. இருமலாக மாற்றப் பார்த்தேன். அது இன்னும் மோசமாகியது. நௌபர் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின.

"என்ன?" என்றார் மூப்பர்.

ரீச்சர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். ஆனால் அவர் இரசாயனக்காரி. ஒரு புதுமையில் ஏற்கெனவே அவதிப்பட்டவர். இன்னொரு புதுமை தொடங்குவதை விடமாட்டார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராகச் சொன்னார்:

"எருசலேம் மண் இல்லை, அக்கா. நிலாவெளியிலை ஒரு அம்மா பூனையளுக்கு வாங்கிற மண். பூனை வெளிக்குப் போறதுக்குப் போடுறது. புது மூடைதான். ஆனால் அந்த மண்தான்."

சிரிப்பு நின்றது. சிலுவை போட்ட பெண்களில் ஒருத்தி கையைச் சேலையில் துடைத்தாள். ரீச்சர் குனிந்து தகட்டை எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோகப் போகிறவர்போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கடலுக்குள் குதித்து வவுனியாவுக்கு நீந்திப் போகலாமா என்று யோசித்தேன். பாதை இல்லை; பாதை இருந்தாலும் எனக்கு நீச்சல் தெரியாது.

மூப்பர் கண்ணாடியைக் கழற்றி, கால்களை மடித்து, சட்டைப் பைக்குள் வைத்தார். என் கண்ணாடி. இன்றுவரை திரும்பி வரவில்லை.

"பிறந்த பிள்ளையை மாடு தின்னுற தொட்டியிலை கிடத்தின தாய்," என்றார். "அவவுக்குப் பூனையிலை என்ன அருவருப்பு?"

பிறகு ரீச்சர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்குப் பூசை முடியத் தொடங்குங்கோ, ரீச்சர். ஏணி நான் கொண்டு வாறன்."

ஞாயிற்றுக்கிழமை, காலை 8.30

இரவு நௌபரின் மேல்மாடியில் பாண் வாசத்தில் நித்திரை கொண்டேன். பூசை முடிந்து கெபிக்குப் போனபோது சனம் நிறைய நின்றது. பூனைக் கதை ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு சின்னப் பிள்ளைகள் சுரூபத்துக்கு முன்னால் "மியாவ்" என்று சொல்லிப் பார்த்துப் பிலோமினா அக்காவிடம் குட்டு வாங்கின.

ரீச்சர் பழைய பொருக்கைச் சுரண்டிக் கழுவி, வாளியில் நீலத்தைக் குழைத்தார். தோளிலிருந்து கீழ்நோக்கி, துணி விழும் மடிப்போடு சேர்த்துத் தூரிகையை இறக்கினார். ஈரத்தில் அது கருநீலம். காயக் காய உள்ளிருந்து வெளிச்சம் வந்ததுபோல மாறியது. மூப்பர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "நானும் ஒரு கை போடட்டோ?" என்று இரண்டு தரம் கேட்டார். "அவற்றை கையிலை பிறஷைக் குடுத்திடாதேங்கோ, மாதா மஞ்சளாகிடுவா" என்று சனம் தடுத்துவிட்டது.

எனக்கு ஒரு இழுவை தந்தார்கள். போர்வையின் பின்பக்கம், கீழ் விளிம்பு, கல்லோடு ஒட்டிய இடம். ஆள் பார்க்காத இடமாகத் தேர்ந்தெடுத்துத் தந்த ரீச்சரின் அறிவைப் பாராட்டுகிறேன். ஒரு சாண் நீளம் வரைந்தேன். என் வாழ்க்கையில் நான் நீலத்தில் வரைந்து, யாரும் வயல் என்று சொல்லாத ஒரே வேலை அது. கெபியிலிருந்து இறங்கும்போது வாளியில் இடித்து வலது சட்டைக்கையை நனைத்துக்கொண்டேன்.

"ரீச்சர், மாரி மழைக்குக் கால் நீலமாகாதோ?" என்று ஒருவர் கீழே நின்று கேட்டார். பழைய கிண்டல்தான், ஆனால் கூர் இல்லை.

"மழை வரட்டும், பாப்பம்," என்றார் ரீச்சர், திரும்பிப் பார்க்காமல். தூரிகை நிற்கவில்லை.

பிற்பகல் 12.45

நௌபர் பஸ் நிலையம்வரை வந்து நாலு மீன் பணிஸ் தந்தார். காசு வாங்கவில்லை. ரீச்சர் ஒரு சின்னப் போத்தல் நீலம் தந்தார். மான் வந்து இரண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டு, என் பயணச் சீட்டைத் தேடியது. இந்த முறை சீட்டை நானே வாயில் கவ்விக்கொண்டு நின்றேன்.

பஸ் கன்னியாப் பக்கம் ஏறியதும் கடல் போய்விட்டது. பிறகு காடு, வயல், குளம். பின்னேரம் வவுனியாக் குளக்கட்டில் இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தேன். பழுப்பு, கொஞ்சம் பச்சை, வானம் விழுந்த இடத்தில் மட்டும் சாம்பல். போத்தலைத் திறந்து குளத்தோடு ஒப்பிட்டேன். ஒரு சொட்டும் பொருந்தவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. இவ்வளவு காலமும் நான் வீட்டு வாசலில் கிடந்த பழுப்பை விட்டுவிட்டு, பார்க்காத நீலத்தோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். பழுப்பு வர்ணம் குழாய் 650 ரூபாய்தான்.

வீட்டில் மனைவி சட்டையை வாங்கிப் பார்த்தாள். சவர்க்காரம் போட்டாள். தேசிக்காய் போட்டாள். குளோரினில் ஊறவைத்தாள். சட்டை வெளுத்தது, நனைந்த கைப்பக்கம் நீலமாகவே நின்றது. "இது என்ன சனியன், போகுதில்லை!" என்று கிணற்றடியிலிருந்து கேட்ட குரல்போல ஒரு நற்செய்தியை நான் கேட்டதில்லை. உடனே படம் எடுத்து ரீச்சருக்கு அனுப்பினேன்.

பதில் வந்தது: "கழுவாதேங்கோ. அது மூண்டாம் தகடு. கொடியிலை கிடக்கட்டும், மாரி முடியப் பாப்பம். நீங்கள் மட்டும் அதுக்கு மஞ்சள் அடிச்சிடாதேங்கோ."

ஆகவே சட்டை கொடியில் கிடக்கிறது. மாரிக்கு இன்னும் ஐந்து மாதம். அயலவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். மனைவி தன் பங்குக்கு, "அவருக்கு ஒரு நேர்த்திக்கடன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். எனக்கும் வேறு விளக்கம் தோன்றவில்லை.